ஒரே ஜீப்பில் மூன்று ஆராய்ச்சிகள்

பல்கலைக்கழகத்தில் உங்களுக்கு என்னதான் வேலை என்று என் மாமியார் வருஷத்துக்கு ஒரு தடவையாவது கேட்பார். சொல்லிப் புரியவைக்க முடியாமல் ஒருநாள் அவரையே அழைத்துக்கொண்டு போய்க் காட்டினேன். கீழ்த்தளத்தில் ஒருவர் நத்தை எவ்வளவு நேரம் தூங்குகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று வருஷமாகப் பார்க்கிறார், நத்தையும் சளைக்கவில்லை. மாடியில் ஒருவர் வெற்றிலை விலைக்கும் கல்யாண முகூர்த்தத்துக்கும் உள்ள சம்பந்தத்தைக் கட்டம் போட்ட காகிதத்தில் கோடு கோடாக இழுத்துக்கொண்டிருந்தார். அதற்கும் மேல்மாடியில் ஓர் அம்மாள் செப்புச் சிலைகளின் சுண்டுவிரலை ஆராய்கிறார். மோதிர விரல் வேறொருவருக்கு ஒதுக்கப்பட்டுவிட்டதால் அதை அவர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. மாமியார் படி இறங்கும்போது, "எல்லாரும் நல்ல மனுஷங்களாத்தான் தெரியுது" என்றார். அதற்குப் பிறகு அவர் கேட்பதை நிறுத்திவிட்டார்.

இப்பேர்ப்பட்ட இடத்துக்குத் திடீரென்று ஒற்றுமை ஆசை வந்துவிட்டது. விஞ்ஞானம், பொருளாதாரம், கலை மூன்றும் கைகோத்து ஒரே வட்டாரத்தை ஆராய்ந்தால் என்ன என்று ஏதோ ஒரு கூட்டத்தில் யாரோ கேட்டாராம். மதியச் சாப்பாட்டுக்குப் பிந்திய கூட்டம் என்பதால் மறுத்துப் பேச யாரும் விழித்திருக்கவில்லை. தீர்மானம் நிறைவேறியது. விருதுநகர், சிவகாசி வட்டாரத்துக்கு ஒரு வாரம். போக வர ரயில், அங்கே சுற்ற மூன்று துறைக்கும் சேர்த்து ஒரே ஜீப்.

குழுவுக்குத் தலைவர் ரசாயனத்துறை டாக்டர் அனந்தராமன். தீப்பெட்டித் தொழிலாளர் விரல்களில் என்னென்ன ரசாயனங்கள் ஒட்டியிருக்கின்றன என்பது அவருடைய கேள்வி. அதற்காக நூறு கண்ணாடிக் குப்பிகளை வைக்கோலில் சுற்றி எடுத்து வந்திருந்தார். ஓவியத்துறை தேவநாதன் தீப்பெட்டிப் படங்களின் அழகியலைத் தேடி வந்தார். நான் பொருளாதாரம், அதுவும் தற்காலிக விரிவுரையாளன். தீப்பெட்டிக் கிராமங்களில் பிள்ளைகள் ஏன் பள்ளிக்கூடத்துக்கு வருவதில்லை என்பது என் ஆய்வு. பெற்றோரே அனுப்புவதில்லை என்பது என் கொள்கை. ஐந்து ஊர்களில் நான்கை முடித்துவிட்டேன். ஐந்தாவதையும் முடித்துக் கோடைக்குள் கொடுத்தால் வேலை நிரந்தரமாகும். கொடுக்காவிட்டால் இன்னொரு வருஷம் தற்காலிகம். அந்தச் சொல்லை என் மாமியார் மாதிரி உச்சரிக்க யாராலும் முடியாது.

திங்கட்கிழமை விருதுநகரில் இறங்கினோம். நான் மாயவரத்துக்காரன். எங்கள் ஊரில் ரயிலை விட்டு இறங்கினால் முதலில் தண்ணீர் தெரியும். இங்கே முதலில் மூக்கு தெரிந்தது. கடைவீதி முழுக்க வற்றல் மிளகாய் மூட்டைகள். டாக்டர், மிளகாயின் காரத்துக்கு எந்தப் பொருள் காரணம் என்று ஆரம்பித்துத் தும்மினார். நான், இந்த ஊர் வியாபாரிகள் சரக்கை இருப்பு வைப்பதன் தத்துவத்தைச் சொல்ல வாயெடுத்துத் தும்மினேன். தேவநாதன், "ஆகா, என்ன சிவப்பு!" என்றதோடு தும்மினார். மூன்று துறைகளும் அந்த வாரத்தில் மனமொத்துச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பரோட்டாக் கடை. இந்த ஊர்ப் பரோட்டாவை எண்ணெயில் முக்கிப் பொரித்து எடுக்கிறார்கள். கடித்தால் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. பரிமாறியவர் டாக்டரிடம், "பிச்சுப் போட்டுச் சால்னா ஊத்தட்டுமா, தனியா வச்சுக்கிடுறீகளா?" என்று கேட்டார். டாக்டர் இந்த எண்ணெயை எத்தனை தடவை காய்ச்சினீர்கள் என்று பதிலுக்குக் கேட்டார். "அதெல்லாம் எண்ணெய்க்குத் தெரியும்யா, நமக்கெதுக்கு? நீங்க சாப்பிடுங்க" என்று சொல்லி அவர் சால்னாவை ஊற்றிவிட்டார். டாக்டர் ஆறு பரோட்டா சாப்பிட்டார்.

செவ்வாய்க்கிழமை சிவகாசி. முதலில் ஓர் அச்சகம். மாயவரத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகத்தில் ஒரு ஆள் தூங்கிக்கொண்டிருப்பார், இன்னொருவர் அவரை எழுப்பிக்கொண்டிருப்பார். இங்கே உட்கார்ந்திருக்கும் ஆளையே பார்க்க முடியவில்லை. தேவநாதன் ஒரு தீப்பெட்டிப் படத்தை விளக்கொளியில் பிடித்துக்கொண்டு முதலாளியிடம் கேட்டார்: "இந்தக் கிளி இருக்கிறதே, இது எதன் குறியீடு? மனித ஆத்மாவா? சிறைப்பட்ட பெண்மையா?"

முதலாளி படத்தைத் திருப்பிப் பார்த்தார். "பார்ட்டி மயில்தான் கேட்டாக. மயிலுன்னா நாலு கலர் ஓட்டணும். கிளின்னா ரெண்டு கலர்ல முடிஞ்சுரும். ஆர்டர் அவசரம், கிளியப் போட்டோம்."

தேவநாதன் அதையும் குறித்துக்கொண்டார். பிறகு எட்டிப் பார்த்தேன். 'எளிமையை நோக்கிய நாட்டார் மனத்தின் பயணம்' என்று எழுதியிருந்தார்.

பிற்பகல் ஒரு பட்டாசுக் கம்பெனி. வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். மருந்து கலக்கும் அறை தூரத்தில் தன்னந்தனியாக நின்றது. அதனுள் நாலு பேருக்கு மேல் இருக்கக்கூடாதாம், பேச்சும் கூடாது. டாக்டர் சட்டைப்பையிலிருந்து பளபளவென்று ஓர் இரும்புக் கரண்டியை எடுத்துக்கொண்டு, மாதிரி எடுக்கப் போகிறேன் என்று விறுவிறுவென நடந்தார். ஃபோர்மன் இரண்டு கைகளையும் விரித்து மறித்தார்.

"அய்யா, ஒரு உரசல் போதும், நாம அம்புட்டுப் பேரும் ஆகாசத்துல நிப்போம். இரும்பு வெளியில கெடக்கட்டும், நீங்க மட்டும் வாங்க."

வெடிமருந்தைப் பற்றி இரண்டு புத்தகம் எழுதியவர் டாக்டர். முகம் சிவந்து, புத்தகத்தில் அளவுகள்தான் உண்டு, கரண்டியைப் பற்றி இல்லை என்றார். ஃபோர்மன் ஒரு மூங்கில் பத்தையைச் சீவிக் கொடுத்தார்.

புதன்கிழமை என் ஐந்தாவது ஊருக்குப் போனோம். ஆமத்தூருக்கு அப்பால் கரிசல் காட்டுக்குள் இருக்கும் சின்ன ஊர். கம்பு அறுப்பு முடிந்து நிலம் கறுப்பாக வெடித்துக் கிடந்தது. எங்கள் பக்கத்தில் வயல் காய்ந்தால் மனு போடுவார்கள். இங்கே வானத்தைப் பார்த்துவிட்டுத் தீப்பெட்டி ஒட்டப் போய்விடுகிறார்கள். வீட்டுக்கு வீடு வாசலில் பெண்களும் பிள்ளைகளும் உட்கார்ந்து பெட்டி ஒட்டினார்கள். சில வீடுகளில் பள்ளம் போட்ட மரச் சட்டங்களில் மருந்து தோய்க்காத வெறுங்குச்சிகளை வரிசையாக அடுக்கினார்கள். இதற்குக் கட்டை அடுக்குவது என்று பெயர். கை ஓடுகிற வேகத்தில் கண்ணால் தொடர முடியாது.

கண்மாய்க் கரைக்கு அந்தப் பக்கம் ஒரு மிஷன் பள்ளிக்கூடம். ஓலைக் கூரை, ஒரே அறை, ஒரே ஆசிரியை. எஸ்தர் டீச்சருக்கு நாற்பது வயதிருக்கும். கடுகடுவென்ற முகம், கணீரென்ற குரல். நான் வந்த காரியத்தைச் சொன்னதும், "உக்காருங்க" என்று ஒரு பெஞ்சைத் துடைத்துப் போட்டார்.

"சார், வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் அய்யா வாராக. இருபது பிள்ளைகளாவது இருக்கணும். இல்லைன்னா இந்தப் பள்ளிக்கூடத்தை மூடிட்டு ஆமத்தூர்ப் பள்ளியோட சேர்த்துருவாக. அம்புட்டுத் தூரம் எந்தப் பிள்ளை நடக்கும்? ஆம்பளப் பிள்ளை நாலு பேரு நடப்பான். பொம்பளப் பிள்ளை ஒண்ணு நடக்காது."

"வெள்ளிக்கிழமை வருவார்களா?"

"வருவாக. ஒரு மாசமா வீடு வீடா ஏறி எறங்கியிருக்கேன். அன்னிக்கு ஒரு நாள் மட்டும் கட்டை வாங்காதீக, ஒட்டுறதுக்கு அட்டை வாங்காதீக, பிள்ளைகளக் குளிப்பாட்டி அனுப்புங்கன்னு ஒவ்வொருத்தி கையையும் பிடிச்சுக் கேட்டிருக்கேன். சரின்னுட்டாளுக." முதல் தடவையாக அவர் சிரித்தார்.

நான் என் நோட்டில் 'ஆசிரியை சற்று உணர்ச்சிவசப்படுபவர்' என்று எழுதிக்கொண்டேன். இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

திரும்பும் வழியில் கிராம முன்சீப் வீட்டில் மோர் கொடுத்தார்கள். எங்களில் ஒருவர் பேசுவது மற்றவர் காதில் விழாதபடி, கௌரவமாகத் தனித்தனியாக, நாங்கள் மூவரும் அவரிடம் எங்கள் தேவையைச் சொன்னோம். எனக்குத் தாய்மார்கள் வேண்டும். டாக்டருக்கு விரல்கள் வேண்டும்; சின்ன விரல்களாக இருந்தால் மருந்து சீக்கிரம் ஊறும் என்பது அவர் கொள்கை. தேவநாதனுக்குக் குழந்தைகள் வரைந்த படங்கள் வேண்டும். முழுக் குழந்தை எங்களில் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை தோதுப்படும்யா" என்றார் முன்சீப். "அன்னிக்கு ஊர்ப் பொம்பளைக யாரும் வேலை வாங்கல. சும்மாதான் இருப்பாக. காலைல பத்து மணிக்குச் சாவடிக்கு வரச்சொல்லிருதேன்."

அவர்கள் எதற்காகச் சும்மா இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன்: நான் அம்மாக்களைத்தானே கூப்பிட்டேன், பிள்ளைகளை இல்லையே.

வியாழக்கிழமை மழைத் தூறலில் ஜீப் கரிசல் சேற்றில் அச்சு வரை இறங்கிவிட்டது. கரிசல் மண் எவ்வளவு தண்ணீரைக் குடிக்கும் என்று டாக்டர் விளக்கினார். சாலை போடாததன் பொருளாதார விளைவை நான் விளக்கினேன். தேவநாதன் மேகத்தைப் படம் போட்டார். மாட்டை ஓட்டி வந்த ஒரு சம்சாரி (இந்தப் பக்கத்தில் விவசாயிக்கு அதுதான் பெயர்) வெகுநேரம் நின்று கேட்டுவிட்டு, "மூணு பேரும் கீழ எறங்கிப் பேசுனா வண்டி ஏறிருமே" என்றார். இறங்கினோம். அவர் மாட்டைப் பூட்டி இழுத்துவிட்டார். அன்றைய ஆராய்ச்சி அதோடு சரி. சனிக்கிழமை ரயில் ஏற வேண்டும் என்பதால் மிச்சமிருந்தது வெள்ளி மட்டுமே.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஊர்ப் பொதுச் சாவடி திருவிழா மாதிரி இருந்தது. பிள்ளைகள் எண்ணெய் வைத்து வாரி, திருநீறும் பவுடருமாகப் பளிச்சென்று வந்திருந்தார்கள். என்ன சுத்தம் என்று நான் வியந்தேன், யாருக்காக என்று மட்டும் யோசிக்கவில்லை. டாக்டர் ஒரு மூலையில் ஒவ்வொரு பிள்ளையின் கையையும் குப்பித் தண்ணீரில் கழுவிக்கொண்டிருந்தார். தேவநாதன் கலர் பென்சில் கொடுத்து எல்லாரையும் குப்புறப் படுத்து வரையச் சொல்லியிருந்தார். நான் நடுவில் பெஞ்சு போட்டு உட்கார்ந்து தாய்மார்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன்.

என் கேள்வித்தாளில் ஏழாவது கேள்வி: 'இன்று உங்கள் பிள்ளை பள்ளிக்குப் போகாததற்கு என்ன காரணம்?'

முதல் தாய், "இன்னிக்கு வேலை வந்துருச்சுய்யா" என்றாள். 'வேலை' என்று எழுதினேன். இரண்டாமவள், "பெரியவுக சொல்லும்போது தட்ட முடியலய்யா" என்றாள். 'குடும்பப் பெரியோரின் எதிர்ப்பு' என்று எழுதினேன். மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது; எல்லாம் அச்சில் வார்த்த மாதிரி என் கொள்கைக்குப் பொருந்தி வந்தன. நான்கு ஊர்களிலும் இவ்வளவு சுத்தமான விடைகள் கிடைத்ததில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

பன்னிரண்டாவதாக மாரியம்மாள் என்று ஒரு பெண் வந்தாள். ஏழாவது கேள்வியைக் கேட்டதும் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏய்யா, நீங்கதான கூட்டியாரச் சொன்னீக?"

"நானா?"

"முன்சீப்பு அய்யா ஆளு விட்டாக. காலேசுக்காரவுக தாயையும் பிள்ளையையும் பத்து மணிக்கு வரச்சொல்லுதாக, இன்ஸ்பெக்டரும் அவுககூடத்தான் வாராகன்னு சொன்னாக. டீச்சரம்மாவும் இங்கனதான் வருவாகன்னு பாத்துக்கிட்டிருக்கோம். இன்னும் காங்கல." அவள் என் பென்சிலைப் பார்த்தாள். "வேலையையும் விட்டுப்புட்டு, பள்ளிக்கூடத்தையும் விட்டுப்புட்டு இங்கன உக்காந்திருக்கோம். எங்கிட்டயே வந்து ஏன் அனுப்பலன்னு கேக்கீக!"

சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். முன்சீப் மீது பழிபோட முடியாது. மூன்று படித்தவர்கள் ஒரே ஊரை மூன்று கூறு போட்டுக் கேட்டால், பாவம், அவர் சேர்த்து ஒரே சீட்டாக எழுதிவிட்டார். அவர் ஒருவர்தான் அந்த வாரத்தில் எங்களை ஒருங்கிணைத்தவர்.

கண்மாய்க் கரையில் ஓடினேன். எனக்கு ஓடிப் பழக்கமில்லை, வேட்டி வேறு. பள்ளிக்கூடத்துக்குள் நாலே பிள்ளைகள். எஸ்தர் டீச்சர் அந்த நாலு பேருக்கும் நாற்பது பேருக்குச் சொல்லும் குரலில் ஆத்திசூடி சொல்லிக்கொண்டிருந்தார். குரல் மட்டும் அடிக்கடி உடைந்தது. வாசலில் இன்ஸ்பெக்டர் வருகைப் பதிவேட்டை மூடிக் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தார். ஒல்லியான, வெயிலில் கறுத்த மனிதர். சைக்கிளில் வந்திருக்கிறார்.

"சார், பிள்ளைகள் எல்லாம் சாவடியில் இருக்கிறார்கள். நாங்கள்தான் கூப்பிட்டோம்" என்றேன் மூச்சு வாங்க.

"இருக்கலாம். நான் சாவடியை இன்ஸ்பெக்‌ஷன் பண்ண வரவில்லையே."

டீச்சர் வெளியே வந்தார். என்னைப் பார்த்ததும் அவர் கத்தியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். மெதுவாகத்தான் பேசினார்.

"சார், நீங்க ஊருக்குப் போயி, 'இந்த ஊருல பிள்ளைகளப் படிக்க அனுப்ப மாட்டாக'ன்னு புஸ்தகம் எழுதுவீக. இன்ஸ்பெக்டர் அய்யாவும் அதையேதான் எழுதப் போறாக. ரெண்டும் ஒண்ணுபோல இருக்கும். பெறகு யாரு வந்து நான் சொல்றத நம்புவா?"

இன்ஸ்பெக்டர் பதிவேட்டைச் சைக்கிள் கேரியரில் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு யோசித்தார். பிறகு சொன்னார்: "வெளியார் உத்தியோக காரியமாகப் பிள்ளைகளைக் கூப்பிட்டிருந்தால் அது வராததாகக் கணக்கில்லை. ஆனால் எழுத்தில் வேண்டும். உங்கள் வேலைக்காகத்தான் பிள்ளைகள் போனார்கள், இல்லாவிட்டால் பள்ளிக்கு வந்திருப்பார்கள் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். பிள்ளைகளையும் என் கண்ணில் காட்டுங்கள். அரைமணி நேரம் இருக்கிறேன்."

திரும்பி ஓடினேன். விஷயத்தைக் கேட்டதும் டாக்டர் குப்பியைக் கீழே வைக்காமலே பேசினார். "பள்ளி வருகை என் துறை இல்லை. நான் கையெழுத்துப் போட முடியாது." தேவநாதன், "பிள்ளைகள் பாதிப் படத்தில் இருக்கிறார்கள், கலைத்துவிட்டால் மனநிலை போய்விடும்" என்றார்.

"சார், அந்தப் பள்ளிக்கூடம் போய்விடும்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கெட்டவர் இல்லை. அதனால்தான் உண்மையைச் சொன்னார். "நன்றாக யோசியுங்கள். நாங்களே பிள்ளைகளைத் தடுத்தோம் என்று நீங்கள் எழுதிக் கொடுத்தால், இந்த ஊர் உங்கள் ஆய்வில் செல்லாது. இன்னொரு ஊருக்கு இந்த வருஷம் பணம் கொடுக்க மாட்டார்கள். உங்களுக்கே தெரியும்."

தெரியும். பன்னிரண்டு அழகான விடைத்தாள்கள் என் கையில் இருந்தன. இன்ஸ்பெக்டர் போய்விட்டால் அவை உண்மையாகவும் ஆகிவிடும். அடுத்த வருஷம் இந்த ஊரில் பிள்ளைகள் நிஜமாகவே பள்ளிக்குப் போக மாட்டார்கள். என் கொள்கை ஜெயித்துவிடும். ஒரு நிமிஷம், பொய் சொல்வானேன், நான் சும்மா நின்றேன். எனக்கு என்னைப் பற்றியே அருவருப்பாக இருந்தது. அந்த ஒரு நிமிஷத்தில் மாரியம்மாள் எழுந்து, தன் மகளை டாக்டரின் மூலையிலிருந்து ஈரக் கையோடு இழுத்துக்கொண்டு நடந்தாள்.

"அய்யா யோசிச்சு முடிக்கட்டும். ஏய், நீங்களும் வாங்கடீ, நடங்க!"

அவ்வளவுதான். ஊரே எழுந்து கண்மாய்க் கரையில் போனது. படம் வரைந்த பிள்ளைகள் தேவநாதனின் பென்சில்களையும் கொண்டுபோய்விட்டார்கள். டாக்டர் பின்னாலிருந்து, "விரல் ரசாயனம்! விரல் ரசாயனம்!" என்று கூவினார். கூட்டத்தின் கடைசியில் போன ஒரு பெண் திரும்பி, "மருந்தெல்லாம் கம்பெனியில முக்குவாகய்யா. எங்க கையில ஒட்டுற பசைதான்!" என்றாள். அவர் கழுவிச் சேர்த்திருந்தது இருபது குப்பிப் பசைக் கூழ்.

பள்ளிக்கூடத்து வாசற்படியில் உட்கார்ந்து நான் எழுதினேன். எழுத்து கோணியது. 'இன்று பிள்ளைகள் வராததற்கு நாங்கள் மட்டுமே காரணம்' என்று ஒரு வரி. துறை, பதவி, கையெழுத்து. பதவி என்ற இடத்தில் 'தற்காலிக' என்பதையும் விடாமல் எழுதினேன்.

இன்ஸ்பெக்டர் அதை இரண்டு தடவை படித்தார். கயிற்றை அவிழ்த்தார். உள்ளே போய், ஒவ்வொரு பிள்ளையின் தலையையும் தொட்டு எண்ணினார். முப்பத்தொன்று. டீச்சர் பலகையைப் பார்த்தபடி திரும்பி நின்றுகொண்டார். முதுகு மட்டும் குலுங்கியது. நல்லவேளை, இன்ஸ்பெக்டருக்கு மனக்கணக்குக் கேட்கும் வழக்கம் இருந்தது. பதினேழும் எட்டும் எவ்வளவு என்று கேட்டார். முப்பத்தொரு பிள்ளைகளும் முப்பத்தொரு விடை சொன்னார்கள்.

சனிக்கிழமை சாத்தூர் வெள்ளரிக்காயும் காராச்சேவுமாக ரயில் ஏறினோம். டாக்டர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி வந்தார். நடுவழியில், "பசையைப் பற்றியும் ஒரு கட்டுரை எழுதலாம்" என்றார். எழுதியும் விட்டார், வெளிவந்தும் விட்டது. கிளியைப் பற்றித் தேவநாதன் எழுதியதற்குப் பரிசு கிடைத்தது.

என் ஆய்வை வழிநடத்தும் பேராசிரியர் ஐந்தாவது ஊரின் அட்டவணையை ஒரு திங்கட்கிழமை புரட்டினார். பெரிய மனிதர், எண் இல்லாத காகிதத்தைக் கண்டால் அவருக்கு மூச்சுத் திணறும். வெள்ளிக்கிழமைப் பத்தியில் விரலை வைத்தார்.

"பள்ளிக்கு வராதவர்கள் எத்தனை பேர்? காலியாக விட்டிருக்கிறீரே."

"காலி இல்லை சார், பூஜ்யம். எல்லாப் பிள்ளைகளும் வந்திருந்தார்கள்."

"அப்படியானால் உம்முடைய கொள்கை?"

"அது மட்டும்தான் சார் அன்றைக்கு வரவில்லை."